பாண்டுரங்கன் சாரின் பச்சைக் கார்

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மெர்சியிடம் நான் எதையும் மறைத்ததில்லை. மறைக்க விட்டால்தானே. அதனாலேயே போன வருஷம், ஒரே ஒரு விஷயத்தையாவது மறைத்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். சபதம் நல்ல சபதம்தான். மறைக்க வேண்டிய பொருள்தான் கொஞ்சம் பெரியது. கரும்பச்சை நிறம், நாலு சக்கரம், எங்கள் வீட்டு வாசலையே அடைத்துக்கொள்ளும் நீளம்.

என் பெயர் ஜோயல். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். லைனிலிருந்து இறங்கி வரும் காரை விளக்கு வெளிச்சத்தில் தடவிப் பார்த்து, கீறல் இல்லை, போகலாம் என்று சொல்வது என் வேலை. நாள் முழுக்கத் தடவுகிறேன். ஒன்றின் மேலும் இதுவரை ஆசை வந்ததில்லை. எல்லாம் வெள்ளை. எல்லாவற்றுக்கும் ஒரே முகம். கதவு திறந்திருந்தால் கத்தும். பெல்ட் போடாவிட்டால் கத்தும். பின்னால் போனால் கத்தும். கத்தல் கேட்பதற்கு நான் கம்பெனி வரைக்கும் போக வேண்டுமா என்ன?

அப்படிப்பட்டவன்தான் விழுந்தேன். வல்லம் வடகாலில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சின்னப்பையன் அண்ணன் எனக்குப் பழக்கம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டர் வீட்டை இடிக்கிறார்கள், கொட்டகையில் ஒரு பழைய வண்டி கிடக்கிறது, இழுத்துவர ஒரு கை வேண்டும் என்று கூப்பிட்டார். போனேன். வைக்கோலையும் உடைந்த கட்டிலையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், அது.

அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட். துணிக்கூரை. சைக்கிள் மாதிரி கம்பி போட்ட சக்கரம். நீளமான பானெட், அதற்குப் பின்னால் மரத்தில் செய்த மெல்லிய ஸ்டியரிங். சட்டைக் கையால் தூசியைத் துடைத்தேன். கை தானாகவே உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தது, தொழில் அப்படி. இடது கதவின் இடைவெளி வலது கதவை விட ஒரு நூல் அதிகம். எங்கள் லைனில் வந்திருந்தால் அப்போதே ரிஜெக்ட். எனக்கோ அந்த ஒரு நூலை விட்டு விரலை எடுக்க மனசு வரவில்லை. ரோபோ மாட்டிய கதவு இல்லை அது. எவனோ ஒரு மனுஷன், அன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவனாகக்கூட இருக்கலாம், கையால் தூக்கி மாட்டிய கதவு.

"இன்னா தம்பி, அழுவுறியா?" என்றார் சின்னப்பையன் அண்ணன்.

"தூசிண்ணா."

வாங்கிவிட்டேன். பணம் எங்கேயிருந்து வந்தது என்று நீங்களும் கேட்காதீர்கள். அதைக் கேட்பதற்கு வீட்டில் ஆள் இருக்கிறது என்பதால்தான் மறைக்கவே முடிவு செய்தேன்.

அதற்கப்புறம் ஞாயிறு தோறும் எனக்கு ஓ.டி. அப்படித்தான் மெர்சியிடம் சொன்னேன். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நேரே ஒர்க்‌ஷாப். அண்ணன் கார்புரேட்டரைக் கழற்றுவார், நான் துடைப்பேன். அவர் பிரேக்கைப் பிரிப்பார், நான் துடைப்பேன். துடைக்க ஒன்றும் இல்லாதபோது சும்மா உள்ளே உட்கார்ந்திருப்பேன். சீட் அவ்வளவு தாழ்வு. கையைக் கீழே விட்டால் தரையைத் தொடலாம். டாஷ்போர்டில் சின்னச் சின்ன ஸ்விட்சுகள். தட்டினால் ‘டக்’ என்று உறுதியாக ஒரு சத்தம். திரையைத் தடவித் தடவிப் பழகிய விரலுக்கு அந்த ‘டக்’ எவ்வளவு சுகம் என்று சொன்னால் புரியாது. முதன்முதலாக இன்ஜின் பிடித்த அன்று ஒர்க்‌ஷாப் தகரம் அதிர்ந்தது.

சபதம் உடைந்தது என் புத்தியால் இல்லை, பழக்கத்தால். எங்கள் பிரிவில் மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் எதுவும் ஆகாது. பெயிண்ட்டில் கோடு விழும். வேலைக்குப் போகிற அன்று கம்பெனி லாக்கரில் கழற்றி வைப்பேன். ஞாயிற்றுக்கிழமைக்கு லாக்கர் ஏது? அதனால் கல்யாண மோதிரத்தை வீட்டிலேயே, மாதா படத்துக்கு முன்னாலிருக்கும் தட்டில் கழற்றி வைத்துவிட்டு, சட்டையை நன்றாக இன் பண்ணிக்கொண்டு, விசிலடித்தபடி கிளம்பியிருக்கிறேன். ஒரு வாரமல்ல, எல்லா வாரமும்.

ஒரு ஞாயிறு, ஒர்க்‌ஷாப் வாசலில் மெர்சியின் ஸ்கூட்டி நின்றது. அதற்கு முன்னால் மெர்சி நின்றாள்.

"இன்னாங்க, ஓ.டி. இங்கதான் நடக்குதா?"

"மெர்சி... நீ எங்க இங்க?"

"கல்யாண மோதிரத்த மாதா கிட்ட ஒப்படைச்சிட்டு ஆம்பள வெளிய போறான்னா எங்க போவான்? அதான் பாத்துட்டுப் போலாம்னு உங்க பின்னாலயே வந்தேன். எங்க அவ?"

"எவ?"

"நீங்கதான் சொல்லணும் எவளுன்னு."

சின்னப்பையன் அண்ணன் மெதுவாக வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். பிரேக்கை அவர் ஏற்கெனவே முடித்திருந்தார்.

"சத்தியமா யாரும் இல்ல மெர்சி. இந்த வண்டி மட்டுந்தான். மோதிரம் பட்டா பெயிண்ட்டு கோடாயிடும். அதுக்காகக் கழட்டுனது."

மெர்சி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். கம்பிச் சக்கரத்தைப் பார்த்தாள். துணிக்கூரையைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ இளகியது. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் புத்திசாலி ஆயிற்றே.

"வண்டி யாருது?"

"நம்ம பாண்டுரங்கன் சாரோடது. மேனேஜர். அவர புனேவுக்குப் போட்டுட்டாங்க. வர்ற வரிக்கும் பாத்துக்க ஜோயல்னு என் கையில குடுத்துட்டுப் போனாரு."

"உங்கள நம்பியா?"

"பின்ன?"

"பெரிய மனுஷன்தான்" என்றாள். "அதுக்குன்னு அடுத்தவங்க பொருள ஒர்க்‌ஷாப்புல போட்டு வெப்பாங்களா? எண்ணெயும் அழுக்குமா கீது. நம்ம வூட்டுக்குக் கொண்டாங்க. பத்திரமா இருக்கும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வண்டி, என் வீட்டு வாசலில், மெர்சியின் உத்தரவோடு. எந்தப் புருஷனுக்கு இப்படி வாய்க்கும்? அன்று மாலை அண்ணன் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். மெர்சி கேட்டைப் பூட்டி, சாவியை வாங்கி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு சாவியைக் கேட்டேன்.

"எதுக்கு?"

"ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்."

"சார் வண்டியாச்சேங்க. ஒரு லாரிக்காரன் இடிச்சிட்டா அவரு மூஞ்சில எப்படி முழிப்பீங்க?"

"பழைய வண்டி மெர்சி. ஓட்டாம வெச்சா கெட்டுடும்."

"அதுக்குத்தான் சின்னப்பையன் அண்ணா கீறாரே. வாரத்துல ரெண்டு நாளு வந்து ஓட்டிட்டுப் போவட்டும். மெக்கானிக்கு ஓட்டுனா சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

எதிர்த்துப் பேச ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது, வண்டி என்னுடையதுதான் என்று நானே ஒப்புக்கொள்ளும் வழி. எனவே வாயை மூடிக்கொண்டேன். நான் ஷிஃப்ட்டில் வெள்ளைக் கார்களைத் தடவிக்கொண்டிருக்க, அண்ணன் வந்து என் வண்டியை ஓட்டிவிட்டுப் போனார். எதிர்வீட்டுப் பாப்பம்மாள் அக்கா, "யாரு வண்டி மெர்சி?" என்று கேட்டதற்கு, "இவரு மேனேஜரோடதுக்கா. இவரு காவலு" என்று பதில் போனது என் காதிலேயே விழுந்தது. உலகத்திலேயே சொந்தக் காருக்கு வாட்ச்மேன் வேலை பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வாசலில் நின்று அதைப் பார்ப்பேன். அதுவும் ரெண்டு வட்ட விளக்குகளால் என்னைப் பார்க்கும். மனசு வலிக்கும்.

இப்படியே மாதங்கள் போய், எங்கள் கோயில் திருவிழா வந்தது. தேர் முடிந்த மறுநாள் காலை, பூசைக்கப்புறம், ஊரிலிருக்கும் வண்டிகளையெல்லாம் கோயில் முன்னால் வரிசையாக நிறுத்துவார்கள். ஃபாதர் ஒவ்வொரு வண்டியாக வந்து, வண்டிக்காரர் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்து, தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார்.

"சார் வண்டியையும் மந்திரிச்சி வாங்கிடலாம்" என்றாள் மெர்சி. "புண்ணியமாப் போவும். நீங்களே ஓட்டுங்க."

சாவி என் கையில். நம்பவே முடியவில்லை. பூசைக்கு நேரம் இருக்கிறது, செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமாக ஒரு சுற்று போய் வரலாமா என்று கேட்டேன். "உம்" என்றாள்.

அந்தக் காலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். கூரையை மடித்துப் பின்னால் வைத்தேன். சோக்கை இழுத்தேன். ஸ்டார்ட்டரை அழுத்தியதும் இன்ஜின் கனைத்து, தொண்டையைச் சரி செய்துகொண்டு, அப்புறம் கம்பீரமாகப் பாட ஆரம்பித்தது. கியர் குச்சி என் உள்ளங்கையளவு. மணிக்கட்டைத் திருப்பினால் போதும், விழுந்துவிடும். ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரி பக்கத்தில் வந்தால் அதன் சக்கரம் எங்கள் காதுக்கு நேராகச் சுற்றியது. லாரி டிரைவர் எட்டிக் குனிந்து பார்த்துக் கையை ஆட்டினான். ரோட்டிலிருக்கும் சின்னக் கல் கூட ஸ்டியரிங் வழியாக விரலுக்கு வந்து செய்தி சொன்னது. ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டி சாயவே இல்லை. நான் நினைத்த இடத்துக்கு, நினைத்த நிமிஷத்தில் திரும்பியது. அறுபதில் போனோம். பறக்கிற மாதிரி இருந்தது. எத்தனையோ நாள் கனவில் கண்டது இதைத்தான்: இந்த ரோடு, இந்தச் சத்தம், பக்கத்தில் மெர்சி.

மெர்சி தலைமுடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

"நல்லா கீதுங்க" என்றாள். "இவ்ளோ ஆசையா ஓட்றீங்களே. இது நம்ம வண்டியா இருந்தா எப்படி இருக்கும்?"

வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"அதுக்கெல்லாம் குடுத்து வெக்கணும் மெர்சி."

அவள் ஏரியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

கோயில் முன்னால் டிராக்டருக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் நிறுத்தினேன். ஊரே சுற்றி நின்றது. ஃபாதர் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வண்டியைப் பார்த்தார்.

"அருமையான வண்டி. யாரு பேரச் சொல்லி ஜெபிக்கணும் ஜோயல்?"

இதை நான் யோசிக்கவே இல்லை. பாண்டுரங்கன் சார் என்று சொன்னால் தீர்த்தச் செம்புக்கு முன்னால் பொய். என் பெயரைச் சொன்னால், பக்கத்தில் நிற்பவளிடம் இத்தனை மாதமாகச் சொன்னதெல்லாம் பொய். ஃபாதர் காத்திருந்தார். டிராக்டர்க்காரன் காத்திருந்தான். அப்போதுதான் எனக்கு அந்த மின்னல் அடித்தது. இப்போது நினைத்தாலும் என் மூளையை மெச்சிக்கொள்ளத் தோன்றுகிறது.

"மெர்சி பேர் ஃபாதர். அவளுக்காகத்தான் வாங்குனேன். இன்னிக்கு வரிக்கும் சொல்லாம வெச்சிருந்தேன். திருவிழாப் பரிசு."

கூட்டம் கை தட்டியது. பாப்பம்மாள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஃபாதர் மெர்சியின் பெயரைச் சொல்லி நீளமாக ஜெபித்தார். தீர்த்தம் என் மேலும் நாலு சொட்டு விழுந்தது. ஒரே கல்லில் பொய்யும் போயிற்று, நல்ல புருஷன் என்ற பெயரும் வந்தது. வண்டி யார் பேரில் இருந்தால் என்ன, ஓட்டப்போவது நான்தானே என்று மெத்தனமாகத் திரும்பினேன்.

மெர்சி கையை நீட்டினாள். கூட்டத்துக்கு முன்னால் என்ன செய்வது? சாவியைக் கொடுத்தேன். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சோக்கை அளவாக இழுத்தாள். ஒரே அழுத்தலில் இன்ஜின் பிடித்தது. எனக்கே ரெண்டு தடவை ஆகும். பிள்ளைகள் விலக, டிராக்டரை உரசாமல் பின்னால் எடுத்துத் திருப்பி, என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் மறுபக்கம் ஏறிக்கொண்டேன். வண்டி வல்லம் ரோட்டில் கிளம்பியது. கியர் மாற்றும் இடம் காதுக்குத் தெரியவே இல்லை. அவ்வளவு அழகாக ஓட்டினாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"எப்ப கத்துகின மெர்சி?"

"நீங்க ஷிஃப்ட்டுக்குப் போனப்புறம் அண்ணா சொல்லிக் குடுத்தாரு. வாரத்துல ரெண்டு நாளு."

"லைசென்ஸு?"

"கல்யாணத்துக்கு முன்னயே கீது. என்னிக்காவது கேட்டீங்களா?"

கொஞ்ச தூரம் போனோம். காற்று நன்றாக வந்தது. எனக்குத்தான் மூச்சு வரவில்லை.

"அப்ப, வண்டி நம்மளுதுன்னு..."

"அன்னிக்கு ஒர்க்‌ஷாப் வாசல்ல நான் ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தேங்க. பானெட்டுக்கு முத்தம் குடுத்தீங்க. மேனேஜர் வண்டிக்கு எவன் முத்தம் குடுப்பான்?"

இந்த முத்த விஷயத்தை நான் உங்களிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையுமா சொல்ல முடியும்?

"தெரிஞ்சுமா இத்தினி மாசம் சும்மா இருந்த?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்." திருப்பத்தில் கியரைக் குறைத்து, வண்டியைச் சாயாமல் வளைத்து எடுத்துவிட்டு, என் பக்கம் பார்க்காமலே சொன்னாள். "ஃபாதர் கேட்டப்ப, ‘என் வண்டி’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, சாவிய நான் கேட்டே இருக்க மாட்டேன்."