முகவரியைத் துடைக்கும் சுத்த சிகாமணி

சுத்தக்காரர்களில் பல வகை உண்டு. கதவுப் பிடியைக் கைக்குட்டை சுற்றித் திறப்பவர் ஒரு வகை. விருந்தாளி எழுந்த சூடு ஆறுவதற்குள் நாற்காலியைத் தட்டித் துடைப்பவர் இன்னொரு வகை. இவர்களால் ஊருக்குப் பெரிய கேடு இல்லை. வீட்டிலிருப்பவர்களுக்குக் கொஞ்சம் மானம் போகும், அவ்வளவுதான். நான் சொல்ல வந்தவர் மூன்றாம் வகை. இவர் தரையைத் துடைப்பதில்லை, கண்ணாடியைத் துடைப்பதில்லை. வலைத்தள முகவரியைத் துடைக்கிறார். அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயரையே நாமும் வைத்துக்கொள்வோம்: சுத்த சிகாமணி.

ஆளைக் கண்டுபிடிப்பது எளிது. விசைப்பலகையின் இடுக்குகளைக் குடைய ஒரு சின்னத் தூரிகை வைத்திருப்பார். தேநீர்க் கோப்பையின் கைப்பிடி எப்போதும் மேசை விளிம்புக்கு நேர்கோட்டில் நிற்கும். யார் எதை எழுதிக் காட்டினாலும், படிப்பதற்கு முன்பே தலையை ஒருபக்கம் சாய்த்து, "நல்லாதான் இருக்கு. ஆனா க்ளீனா இல்லையே" என்பார். குழந்தைக்குப் பெயர் வைத்தபோது, மனைவி ஆசையாகச் சொன்ன மூன்று பெயர்களையும் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்து, நீளம் அதிகம் என்று தள்ளிவிட்டு, மின்னஞ்சலுக்குத் தோதாக ஐந்தெழுத்தில் ஒரு பெயரை வைத்த மகானுபாவர். அந்தப் பெயருக்குப் பொருள் என்ன என்று மாமியார் கேட்டார். "பொருள் எதுக்கு? சின்னதா இருக்கு பாருங்க" என்றார்.

இவருடைய தொழில் என்ன? நகரசபைக்கு ஒரு மனுத் தளம் இருக்கிறது. குறையுள்ளவர்கள் அதில் போய்த் தலைப்பு ஒன்று எழுதி, கீழே காரணத்தையும் எழுதினால், அந்த மனுவுக்கென்று தனியாக ஒரு பக்கமும் அந்தப் பக்கத்துக்கு ஒரு முகவரியும் கிடைக்கும். முகவரியைத் தெரிந்தவர்களுக்கு அனுப்பலாம். அவர்கள் அதைத் தொட்டுத் திறந்து, கையெழுத்துப் பொத்தானை அழுத்துவார்கள். அதிகக் கையெழுத்து வாங்கிய மனு சபைக் கூட்டத்துக்குப் போகும். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது?

அந்த முகவரியைத் தலைப்பிலிருந்து தயாரிப்பது சிகாமணி எழுதிய நிரல். அதை நிரல் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், "சலவை" என்பார். பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கு. இடைவெளி விழுந்த இடத்தில் ஒரு சிறுகோடு போடு. ஆச்சரியக்குறி, மேற்கோள்குறி, குடிமக்கள் கோபத்தில் வரிசையாகத் தட்டிய கேள்விக்குறிகள், எல்லாவற்றையும் வாரி வெளியே கொட்டு. கடைசியாக, ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்தும் பத்து எண்களும் அவற்றுக்கு நடுவே நிற்கும் சிறுகோடும் தவிர வேறு எது கண்ணில் பட்டாலும் அழி. கழுவி முடித்த பிறகு எதுவுமே மிஞ்சவில்லையென்றால், 'தலைப்பில்லாதது' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் போட்டு அனுப்பு.

அவரோடு வேலை செய்யும் வடிவமைப்பாளர் பெண் ஒருநாள் கேட்டார்.

"ஏன் சார், யாராவது நம்ம எழுத்துல தலைப்பு வச்சா என்ன ஆகும்?"

"நம்ம எழுத்தெல்லாம் முகவரில வராதும்மா. உடைஞ்சிடும்."

"எது உடையும்?"

"எல்லாமே."

"உடைச்சுப் பாத்தீங்களா?"

"பாத்துத் தெரிஞ்சுக்கற விஷயமா இது? எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. பத்து வருஷமா நானும் இதே வரியைத்தான் போடறேன்."

கவனித்தீர்களா? கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார், கையில் பட்டம் இருக்கிறது, பேசுவதெல்லாம் தர்க்கம், தரவு, சோதனை. ஆனால் அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. பத்தாண்டுகளுக்கு முன்னால் யாரோ எழுதியதை எடுத்து ஒட்டினார். அந்த யாரோ வேறு யாரிடமிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தார். எதற்கு என்று கேட்காதே, ஓது. இதற்குப் பெயர் மந்திரம் இல்லையென்றால் வேறு எதற்குப் பெயர் மந்திரம்? நம் எழுத்தை முகவரியில் போட்டால் உலகத்து உலாவிகள் எல்லாம் ஒழுங்காகக் காட்டுகின்றன. ஒரே ஒரு நியாயமான குறை உண்டு: நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் சில சமயம் நீளமாக, விழுக்காட்டுக் குறிகளோடு, பல்லிளித்துக்கொண்டு நிற்கும். சரி, ஒப்புக்கொள்கிறேன். அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக ஒருவரை வாசலோடு திருப்பி அனுப்பலாமா? தலைப்பு பிடிக்கவில்லையென்றால் மனுவின் எண்ணையாவது போட்டிருக்கலாமே? எண் போட்டால் அழகு போய்விடுமாம்.

சுத்தம் என்ற சொல்லை எங்கே கேட்டாலும் கொஞ்சம் நின்று, வெளியே யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள். எப்போதும் யாரோ ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.

இங்கே நின்றவர் சிகாமணியின் சொந்த அக்கா.

அக்கா ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அவர் கணவர் ஊரிலுள்ள மின்தூக்கிகளையெல்லாம் பழுது பார்த்தவர். இப்போது அவருடைய சிறுநீரகங்கள் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனை இயந்திரம்தான் அவர் இரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புகிறது. அவர்கள் குடியிருப்பு நகரத்தின் விளிம்பில். அங்கிருந்து மருத்துவமனைக்கு ஒரே ஒரு பேருந்து. அதில் கூட்டம் போதவில்லை, அடுத்த மாதத்தோடு நிறுத்துகிறோம் என்று நகரசபை அறிவித்தது. ஆட்சேபம் இருந்தால் மனுத் தளத்துக்கு வரலாம் என்றும் பெரிய மனதோடு சொன்னது.

அக்கா வந்தார். 'மருத்துவமனைப் பேருந்தை நிறுத்தாதீர்கள்' என்று நம் எழுத்தில் தலைப்பு வைத்தார். சிகாமணியின் சலவை அதை அலசியது, பிழிந்தது, ஒரு எழுத்து மிஞ்சவில்லை. தலைப்பில்லாதது.

இதுவரை நம் எழுத்தில் வந்த எல்லா மனுவுக்கும் அதே முகவரிதான். ஒரே அறையின் சாவியை எல்லா விருந்தாளிக்கும் கொடுத்த விடுதி மாதிரி, புதிதாக ஒருவர் வந்தால் பழையவரின் பெட்டி தெருவுக்குப் போய்விடும். கையெழுத்துகள் மட்டும் போகாது. அவை முகவரியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அறைக்குள் கடைசியாக யார் இருக்கிறாரோ அவர் கணக்கில் சேரும். இத்தனை நாள் இதை யாரும் கண்டுபிடிக்கவில்லையா என்கிறீர்களா? சோதித்தவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் தலைப்பு வைத்துச் சோதித்தார்கள். மனு தொலைத்தவர்களோ, நகரசபையில் நம் மனு தொலைவது புதிதா என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அக்கா முகவரியைத் தொழிற்சாலை முழுக்க அனுப்பினார். தையல் பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் கைப்பேசியை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கி அழுத்தினார்கள். அவர்கள் தங்கள் உறவுக்கு அனுப்பினார்கள். மறுநாள், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் தம் பகல் தூக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள, 'ஐஸ்கிரீம் வண்டியின் பாட்டை நிறுத்துங்கள்' என்று ஒரு மனுப் போட்டார். நம் எழுத்தில்தான். அந்த நிமிடம் அக்காவின் பேருந்து அறையைக் காலி செய்தது. ஐஸ்கிரீம் வண்டி உள்ளே நுழைந்தது. கையெழுத்துகளோ மேலும் மேலும் வந்துகொண்டிருந்தன. தெரிந்தவர் அனுப்பினால் நாம் படித்துவிட்டா அழுத்துகிறோம்?

படித்த ஒரே ஒரு தையல்காரப் பெண் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே வந்து கேட்டாள்.

"என்னக்கா, ஐஸ்கிரீம் வண்டி மேல உனக்கு அப்படி என்ன கோபம்?"

கேலி செய்கிறாள் என்று அக்கா நினைத்தார். "ஆமாடி, நீ தின்னு தின்னு குண்டாகிட்டே போற, அதான். ஒழுங்கா கையெழுத்துப் போடு."

கூட்டத்தன்று அக்கா அரைநாள் விடுப்பு எடுத்துப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சபைத் தலைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இந்தத் தளம் தொடங்கியதிலிருந்து இவ்வளவு கையெழுத்து எந்த மனுவுக்கும் வந்ததில்லை, மக்களின் வேதனை இந்தச் சபைக்குப் புரிகிறது, ஐஸ்கிரீம் வண்டியின் பாட்டு இன்றோடு நிறுத்தப்படுகிறது என்று அறிவித்தார். கைதட்டல். கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து நின்று, தம் தூக்கத்தின்மேல் ஊருக்கு இவ்வளவு அக்கறையா என்று கண் கலங்கினார். பிறகு தலைவி ஒரு தாளைப் புரட்டி, "மருத்துவமனைப் பேருந்து. ஆட்சேபம் எதுவும் வரல. நிறுத்திடலாம்" என்றார்.

அக்கா எழுந்தார். "வந்திருக்குங்க. நான்தான் போட்டேன்."

"எங்க திரையில இல்லையேம்மா."

"ஊரே கையெழுத்துப் போட்டுச்சுங்க."

"போட்டிருந்தா வந்திருக்குமே. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் கொடுங்க. விதி அப்படி."

அன்று மாலையே அக்கா கணவரையும் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி மடிக்கணினியைத் திறந்து பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. தப்பு நிரலில் இல்லை.

"நீ நம்ம எழுத்துல தலைப்பு வச்சியாக்கா?"

"பின்ன யார் எழுத்துலடா வைக்கறது?"

"அப்ப அது உன் தப்புதான். சிஸ்டம் அதையெல்லாம் அழுக்குன்னு எடுத்துடும். இங்கிலீஷ்ல வச்சிருக்கணும்."

"சின்ன வயசுல உனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தேனே, அந்த எழுத்துடா அது. எப்படா அழுக்காச்சு?"

"உணர்ச்சிவசப்படாதக்கா. டெக்னிக்கலா பேசு."

சோபாவில் சாய்ந்திருந்த அக்காவின் கணவர் கண்ணைத் திறக்காமலே பேசினார். "டெக்னிக்கலாவே பேசுவோம் மாப்ள. என் ரத்தத்தைக்கூட ஒரு மெஷின் கழுவுது. எதை எடுக்கணும், எதை விடணும்னு அதுக்குத் தெரியும். அதை நீ எழுதியிருந்தேன்னு வை, ரத்தத்தையும் சேத்து எடுத்துட்டு, ஆள் க்ளீனா இருக்காருன்னு உங்கக்கா கையில கொடுத்திருப்பே."

சிகாமணியின் மனைவி சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

சிகாமணி திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். அவர் ஒரு திருத்தம் செய்தார், அவ்வளவுதான். எந்த மொழி எழுத்தாக இருந்தாலும் விடு, எழுத்துக்கு மேலும் கீழும் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் குறிகளை மட்டும் அழி என்று நிரலை மாற்றினார். கொம்பு, சுழி, கால், புள்ளி எல்லாம் அவர் கண்ணுக்குத் தூசி. அக்காவின் தலைப்பை உள்ளே போட்டார். 'மரததவமனப-பரநத-நறதததரகள' என்று வெளியே வந்தது. உயிர் போய் எலும்பு மட்டும்.

"இப்ப வருது பாருங்க" என்று வடிவமைப்பாளர் பெண்ணிடம் பெருமையாகக் காட்டினார்.

அவர் வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். "சார், யாரையோ கழுத்தை நெரிக்கற மாதிரி இருக்கு."

"ஆனா க்ளீனா இருக்கில்ல?"

பேருந்து நின்றது. வாரத்தில் மூன்று நாள் அதிகாலையில் சிகாமணியின் கார் நகரத்தின் விளிம்புக்குப் போக வேண்டியதாயிற்று. வேறு யார் இருக்கிறார்கள்? அத்தானோடு, அதே இயந்திரத்துக்குப் போகும் ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியாரம்மாவும், வலது கால் இல்லாத பழைய தபால்காரரும் ஏறிக்கொண்டார்கள். முதல் நாள் திரும்பி வரும்போது அத்தானுக்குக் குமட்டியது. வெளிர்நிற இருக்கை. நான் மேலே சொல்ல வேண்டுமா? மறுமுறை எல்லா இருக்கைக்கும் பிளாஸ்டிக் உறை வந்துவிட்டது. வாத்தியாரம்மா கைகளை மடியில் கட்டிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தார். "சாஞ்சு உக்காருங்கம்மா" என்றார் சிகாமணி. "வேணாம் தம்பி. வண்டி ரொம்ப சுத்தமா இருக்கு. எதுலயும் படக்கூடாதுன்னு இருக்கு."

மூன்றாம் மாதத்தில் நிரல் முழுசாகச் சரியாயிற்று. எழுத்து அதன் குறிகளோடு நின்றது. முகவரியின் வாலில், அழகைக் கெடுத்துக்கொண்டு, மனுவின் எண்ணும் நின்றது. சிகாமணியின் கொள்கை மாறியதாலா? இல்லை. ஆட்களை ஏற்றி இறக்கி அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால். அக்கா மறுபடி மனுப் போட்டார், தையல் பெண்கள் மறுபடி அழுத்தினார்கள், பேருந்து திரும்ப ஓடுகிறது. வாத்தியாரம்மா அதில் நன்றாகச் சாய்ந்து உட்காருகிறார். ஐஸ்கிரீம் வண்டி மட்டும் இன்னும் ஊமையாகத்தான் போகிறது. பிள்ளைகள் சன்னலுக்கு ஓடி வருவதற்குள் தெருமுனை திரும்பிவிடுகிறது. அதை மீட்க யாரும் மனுப் போடவில்லை.

சிரித்தீர்களா? நல்லது. நிரல் எழுதுகிறவன் பாடு, நமக்கென்ன என்று எழுந்துவிடாதீர்கள். உங்கள் கைப்பேசியைக் கொஞ்சம் எடுங்கள். அம்மாவின் எண்ணை என்ன பெயரில், எந்த எழுத்தில் வைத்திருக்கிறீர்கள்? பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபோது, எழுத்தர் முகம் சுளிக்கக் கூடாதென்று பெயரில் எந்தப் பாதியை வெட்டிக் கொடுத்தீர்கள்? "சும்மா, ஒரு வசதிக்குத்தான்" என்று முணுமுணுக்கிறீர்கள், கேட்கிறது. பத்தாண்டுகளுக்கு முன்னால் அந்த ஒரு வரியை எடுத்து ஒட்டியபோது சிகாமணியும் சரியாக அதைத்தான் சொன்னார்.