அத்தை பேரில் நான் மிதித்த சைக்கிள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. தாங்களும் எங்கள் மகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் அன்றாட வேண்டுதல். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று அடுத்த வரியை எழுத வேண்டும். அதை எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்பதை முழுவதும் படித்துவிட்டுத் தாங்களே முடிவு செய்துகொள்ளவும். போனில் சொல்லாமல் தங்கள் பிசியோதெரபி கிளினிக் விலாசத்துக்குக் கடிதமாக எழுதக் காரணம், போன் என்றால் மகள் பக்கத்தில் இருப்பாள். எட்டு மாத வயிற்றோடு இருப்பவள் இதைக் கேட்கக் கூடாது.

அத்தையின் முழங்கால் வலிக்காகத் தாங்கள் அனுப்பிய, நின்ற இடத்திலேயே ஓடும் சைக்கிள் சம்பந்தப்பட்ட விஷயம் இது. சைக்கிள் வந்து இறங்கிய அன்று அத்தை அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முப்பது வருஷம் தையல் மெஷினை மிதிச்சே நான் எந்த ஊருக்கும் போய்ச் சேரலை, இனிமே இதை வேற மிதிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சரி, பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்போமே என்று, மிதிக்கிற நேரத்தையும் நெஞ்சுத் துடிப்பையும் தங்கள் போனுக்கு அனுப்பும் என்று அத்தைக்காக வந்த வாட்சை என் கையில் கட்டிக்கொண்டு நான் ஏறினேன். சத்தியமாக வேறு எண்ணமே கிடையாது. பன்னிரண்டு நிமிஷம் மிதித்திருப்பேன். இறங்குவதற்குள் போனில் தங்கள் செய்தி வந்துவிட்டது: "சபாஷ் அத்தை! முதல் நாளே பன்னிரண்டு நிமிஷமா! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?" இவ்வளவு சந்தோஷப்படுகிற மனிதரிடம், ஐயா அது அத்தை இல்லை, நான்தான் என்று எப்படிச் சொல்வது? "நன்றி மாப்பிள்ளை" என்று அத்தை எழுதுவது போலவே பதில் அனுப்பிவிட்டேன். அத்தைக்குத்தான் போனில் செய்தி பார்க்கும் பழக்கமே இல்லையே. நான் வழுக்கி விழுந்த இடம் அதுதான்.

அதற்கப்புறம் தாங்கள் சொல்லச் சொல்ல நான் செய்துகொண்டே வந்தேன். உட்கார்ந்து மிதிக்கும்போது கீழே போன கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், அதற்குத் தக்கபடி சீட்டை வையுங்கள் என்றீர்கள். என் உயரத்துக்கு சீட்டைக் கடைசித் துளை வரை ஏற்ற வேண்டியிருந்தது. சும்மா காற்றில் சுற்றுகிற மாதிரி வேகமாக மிதிப்பதில் பிரயோஜனம் இல்லை, திருகாணியைத் திருப்பிக் கொஞ்சம் கனம் வையுங்கள் என்றீர்கள், வைத்தேன். முதல் அஞ்சு நிமிஷம் மெதுவா, அப்புறம் ஒரு நிமிஷம் மேடு ஏறுகிற மாதிரி, ரெண்டு நிமிஷம் இறக்கம், இப்படி ஆறு தடவை, கடைசியில் மறுபடியும் மெதுவா. முப்பத்தி நாலு வருஷம் பஸ்ஸில் நின்றபடியே ஊர் சுற்றின கண்டக்டர் நான். உட்கார்ந்த இடத்தில் ஒரு ரூட்டு கிடைத்ததும் விடுவேனா? மேடு வந்தால் நானே வாயால் விசிலடித்துக்கொண்டு மிதிப்பேன். பேச முடியணும், ஆனா பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம்னு எழுதியிருந்தீங்க. பாட முடியாதுங்கிறது எனக்கு சைக்கிளில் ஏறாமலே இருக்கிற நிலைதான். இருந்தாலும் சோதிச்சுப் பார்க்கணுமேன்னு ஒரு அடி பாடினேன். அத்தை கரண்டியோட ஓடி வந்து, "என்னங்க, எங்கேயாவது இடிச்சுக்கிட்டீங்களா?"ன்னு கேட்டா.

அஞ்சாவது வாரம்தான் அந்த போன் வந்தது. அன்னிக்குப் பார்த்து நான் சைக்கிள் மேல இருந்தேன், போனை அத்தை எடுத்தா. "அத்தை, மூணு நாளா மேடு ஏறுற நிமிஷத்துல உங்க துடிப்பு தாறுமாறா போகுது. நெஞ்சு கனமா இருக்கா? சைக்கிள்ல ஏறவே வேண்டாம், நாளைக்கே ஹார்ட் டாக்டரைப் பாருங்க"ன்னு நீங்க சொன்னது எனக்கே கேட்டது. சைக்கிள்ல ஒரு நாள் கூட உட்காராத பொம்பளை, மாப்பிள்ளை! நான் மிதிக்கிறதை நிறுத்திட்டேன். என்னையும் என் கையில இருக்கிற வாட்சையும் அவ மாறி மாறிப் பார்த்தா. என்னைக் காட்டிக் கொடுக்கலை. "சரி மாப்பிள்ளை, நாளைக்கே போறேன்"னு சொல்லி போனை வச்சா. அப்புறம் துண்டை எடுத்து என் கழுத்தைத் துடைச்சுவிட்டா. "எத்தனை நாளா?"ன்னா. எத்தனை நாளா ஏமாத்துறேன்னு கேக்கறாளாக்கும்னு நெனச்சு, "மொத நாள்லேருந்து"ன்னேன். "அதைக் கேக்கலை. நெஞ்சு எத்தனை நாளா கனமா இருக்கு?"ன்னா. மூணு நாளா இருந்தது, வாயுன்னு நெனச்சு சொல்லாம இருந்தேன். திட்டுவான்னு காத்திருந்தேன், திட்டலை. அதுதான் எனக்குப் பயமா போச்சு.

மறுநாள் ஆஸ்பத்திரியில நர்சம்மா அத்தை பேரைக் கூப்பிட்டாங்க. நீங்க போன் பண்ணி அந்தப் பேருக்குத்தானே இடம் வாங்கியிருந்தீங்க. அத்தை எழுந்து என்னை முன்னால தள்ளிவிட்டா. "டெஸ்ட் யாருக்கும்மா?"ன்னு நர்சம்மா கேட்டாங்க. "பேரு என்னோடது, நெஞ்சு இவரோடது"ன்னா. அந்தம்மா எழுதிக்கிட்டிருந்த பேனாவைக் கீழே வச்சுட்டாங்க.

ஒரு ரத்தக் குழாய்ல முக்கால்வாசி அடைப்பு, மாப்பிள்ளை. அன்னிக்கே படுக்க வச்சு, மறுநாள் உள்ளே சின்னக் குழாய் ஒண்ணு வச்சாங்க. சும்மா நாற்காலியில உட்கார்ந்தே இருந்திருந்தா இது தெரியாமலே போயிருக்கும்னு டாக்டர் சொன்னார். அத்தைக்கு ஒண்ணுமில்லை, சைக்கிள் பெல்ட்தான் அறுந்துபோச்சுன்னு மூணு வாரத்துக்கு முன்னால உங்களுக்குச் செய்தி அனுப்பினேனே, ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு அனுப்பினது அது. பெல்ட் நல்லாத்தான் இருக்கு.

இப்போ நடக்கிறேன், சாப்பிடறேன். லேசா மிதிக்க அடுத்த வாரம் அனுமதி. ஆனா அத்தை என்னை நம்பலை. "உங்களுக்கு மெதுவாங்கிறதே தெரியாது, பாருங்க"ன்னு சீட்டைக் கடைசித் துளையிலிருந்து முதல் துளைக்கு இறக்கி, புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு அவளே ஏறிட்டா. ஆமா மாப்பிள்ளை, நிஜமாவே அத்தை! தினமும் பதினஞ்சு நிமிஷம். முழங்கால் வலி கொஞ்சம் விட்டிருக்குன்னு சொல்றா. நான் எதிர்ல நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேச முடியுதான்னு சோதிக்க எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கணும், அதுதான் என் வேலை. விடியறதுக்கு முன்னால டூட்டிக்குப் போயி ஊர் தூங்கினப்புறம் வந்தவன் நான். இந்த வீட்ல இவ்வளவு பேச்சு நடந்ததே இல்லை. நேத்து, "கல்யாணமான புதுசுல நீ என்னதான் பண்ணுவே பகல் பூரா?"ன்னு கேட்டேன். மிதிச்சுக்கிட்டே சொன்னா, "ஒரு நாள் உங்க பஸ்ல ஏறினேன். வேலை செய்யறப்போ எப்படி இருப்பீங்கன்னு பார்க்கணும்னு ஆசை. மூஞ்சியையே பார்க்காம, எங்கம்மா போகணும்னு கேட்டீங்க. கடைசி ஸ்டாப்னேன். அங்கே போயி, அதே பஸ்ல திரும்பி வந்தேன். அப்பவும் எங்கம்மா போகணும்னுதான் கேட்டீங்க." நாப்பத்தோரு வருஷமா இதை என்கிட்ட சொல்லலை! "கோவமா இருந்துதா?"ன்னேன். "இல்லை. நல்லா இருந்தீங்க"ன்னா. பேசுங்க, பேசுங்க, நேரம் ஓடுதுன்னு அவதான் அதட்டினா.

ஆகவே மாப்பிள்ளை அவர்களே, தங்களை ஏமாற்றியதற்குத் தாங்கள் என்ன சொன்னாலும் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன். ஆனால் மகளிடம் மட்டும் ஒரு வார்த்தையும் மூச்சு விடக் கூடாது. குழந்தை நல்லபடியாகப் பிறந்து தாயும் சேயும் வீடு வந்து சேரட்டும். இந்தக் கடிதத்தைக் கிளினிக்கிலேயே கிழித்துப் போட்டுவிடவும். தங்கள் கைராசி பெருகவும், மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகவும், இருவரும் நூறாண்டு இணைபிரியாமல் இருக்கவும் மனதார ஆசீர்வதிக்கிறேன்.

தங்கள் அன்பு மாமனார்.

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதறேன். இதைத் தபால்ல போடச் சொல்லி என்கிட்டதான் கொடுத்தார், ஒட்டறதுக்கு முன்னால படிச்சுட்டேன். அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலேருந்து நான் உங்ககிட்ட அழுததும், நீங்க டாக்டர்கிட்ட பேசினதும், அப்பா எழுந்து உட்கார்ற வரைக்கும் நம்ம பொண்ணு தினம் மூணு வேளையும் எனக்குப் போன் பண்ணினதும் இவருக்கு இன்னும் தெரியாது. எல்லாரும் பயப்படாம தானே பார்த்துக்கிட்டதா நெனச்சுக்கிட்டு நிம்மதியா தூங்கறார். அந்தத் தூக்கம் இப்போ அவருக்கு ரொம்ப அவசியம். அதனால ஒண்ணும் தெரியாத மாதிரியே இருங்க. இந்தக் கடிதத்தைப் பார்த்து இடி விழுந்த மாதிரி ஆயிட்டீங்கன்னு ஒரு பதில் போடுங்க. ரெண்டு பக்கமாவது இருக்கணும். கொஞ்சம் திட்டியும் எழுதுங்க, ஆனா நெஞ்சு தாங்கற அளவுக்கு.