அத்தைக்கும் சொல்லிடுங்க

கார் விபத்தானால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டுக்குத் தகவல் சொல்லும் வேலையை என் மாதிரி பக்குவமான ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம். அப்பா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எங்கள் பழைய அம்பாசடர் பள்ளிக்கரணையில் குறுக்கே வந்த எருமைக்கு ஒதுங்கிப் பள்ளத்தில் இறங்கியது. எருமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு நெற்றி கிழிந்து ரத்தம். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை (அதனால்தான் பொறுப்பு முழுக்க என் தலையில் விழுந்தது).

டாக்டர் தையல் போட்டு, சாயங்காலம் வரை படுத்திருக்கச் சொன்னார். நான் மருந்துக் கடையிலிருந்து ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் போன் செய்தேன். எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு கபூர் பாய்தான் எடுத்தார்.

"பாய், கார் இடிச்சிடுச்சு. அப்பாவுக்குச் சின்ன அடிதான்."

"யா அல்லா! தம்பி, நெஜமா சொல்லு. உசுருக்கு ஒண்ணும் இல்லையே?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல பாய். அம்மாவ பயப்படாம இருக்கச் சொல்லுங்க. தனியா இருக்க வேணாம், அத்தைக்கும் சொல்லிடுங்க."

நம் ஊரில் சாவை யாரும் சாவென்று போனில் சொல்வதில்லை. "கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வாங்க" என்றாலே முடிந்துவிட்டது என்று அர்த்தம். இதில் சின்ன அடிக்கு எவனாவது அத்தைக்குச் சொல்லச் சொல்வானா?

சாயங்காலம் ஆட்டோ எங்கள் தெருமுனையில் நின்றது. "சார், இதுக்கு மேல வண்டி போவாது. சாமியானா போட்டுகீறாங்க, ஒரே கும்பலா கீது" என்றார் ஆட்டோக்காரர். கூட்டத்தில் எந்த வீடு என்றே தெரியவில்லை. அப்பா இறங்கி, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, தலைக்கட்டோடு கைகூப்பி நின்றார். முன்னால் நின்றவரிடம் மெதுவாகக் கேட்டார்: "யாரு தவறிட்டாங்க?"

அந்த ஆள் போட்ட கத்தலில் அத்தை மயங்கி விழுந்தாள். அம்மா எழுந்து வந்தாள். அப்பாவின் நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்து அடித்து அழுதாள். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை.

சில வருஷம் கழித்து, தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது. அப்போது எங்கள் வீட்டிலேயே போன் இருந்தது. இந்த முறை நான் பக்குவம் எதுவும் பார்க்கவில்லை.

"அம்மா, அப்பா போயிட்டாரும்மா."

"போடா. அத்தைக்குச் சொன்னியா?"

"இன்னும் இல்லம்மா."

"அப்போ ஒண்ணும் இருக்காது. ரசம் வெச்சிருக்கேன், சீக்கிரம் கூட்டிட்டு வா" என்று போனை வைத்துவிட்டாள்.

நாங்கள் அவரை வேனில் கொண்டுவந்தபோது அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எங்களைத் தாண்டி, பின்னால் ஆட்டோ வருகிறதா என்று பார்த்தாள்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஜலதோஷம் என்றால்கூட, "அத்தைக்குச் சொல்லியாச்சா?" என்பதுதான் கேலி. அத்தையே சொல்லிச் சிரிப்பாள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டால், சிரிப்பை நிறுத்திவிட்டு ஒருமுறை வாசலை எட்டிப் பார்ப்பாள்.