மீன் தொட்டிக்குக் கொதிக்கவைத்த தண்ணீர்

மதிப்புமிக்க மச்சான் அவர்களுக்கு,

தாங்களும் வீட்டில் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் தங்கள் தங்கை இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள், மூக்கில் குழாயோடு. போனில் பேசினால் என் பயத்தைக் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், நம் லோடு வண்டி டிரைவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். தாங்கள் அவளுக்குக் கொடுத்த தங்கமீன் செத்துப்போச்சு. கொன்றவன் நான்.

முழுசாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுங்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே அவள் சொன்னது, "என்னை டாக்டர் பாத்துக்குவாரு, மீன நீங்க பாத்துக்குங்க" என்பதுதான். டாக்டரோ, இனிமே இவங்களுக்குக் கொதிக்கவெச்சு ஆறவெச்ச தண்ணிதான், பச்சைத்தண்ணி கூடவே கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாரு. நான் யோசிச்சேன், அவளுக்கே அதுதான் நல்லதுன்னா அவ மீனுக்கு மட்டும் ஏன் குழாய்த்தண்ணி? பெரிய பானை நிறையக் கொதிக்கவெச்சு, மூடிவெச்சு, தொட்டியக் கழுவி ஊத்தினேன். இன்னும் வெதுவெதுப்பா இருந்துச்சு, உடம்புக்கு இதமா இருக்கட்டும்னு விட்டுட்டேன். பம்ப்பு வேற கொர்ருகொர்ருன்னு குமிழி விட்டுக்கிட்டே இருந்துச்சா, மீனாவது நிம்மதியாத் தூங்கட்டும்னு அதையும் அணைச்சேன். கொஞ்ச நேரத்துல மீன் மேல வந்து வாயை வாயைத் திறந்துச்சு. பசின்னு நினைச்சுத் தீனி போட்டேன். மறுபடி திறந்துச்சு. மறுபடி போட்டேன். உப்பு போட்டாத் தெம்பு வரும்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரு, அதையும் ஒரு கை அள்ளிப் போட்டேன். சாயங்காலம் மல்லாந்து மிதந்துச்சு.

வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரரிடம் போனேன். "கொதிக்கவெச்சீங்களா? தண்ணில கரைஞ்சிருந்த காத்தெல்லாம் போயிருக்குமே! சூட்டுல காத்து நிக்காது. உப்பு சேர்ந்தா இன்னும் கம்மி. பம்ப்பு ஓடியிருந்தாலாவது புதுக்காத்து கலந்திருக்கும், அதையும் நிறுத்திட்டீங்க. அது பசியில வாயத் திறக்கல சார், மூச்சுக்குத் தவிச்சிருக்கு" என்றவர், "ஆமா, நீங்க என்ன வியாபாரம்?" என்று கேட்டார்.

என்னத்தைச் சொல்ல? சோடா மொத்த வியாபாரம்! "பெட்டிய வெயில்ல வைக்காதீங்க, சூடானா மூடியத் திறந்ததும் கேஸ் பொங்கி ஓடிடும். குளுந்து, அழுத்தத்துல இருந்தாத்தான் தண்ணிக்குள்ள அடங்கிக் கிடக்கும்" என்று கடை கடையாகச் சொல்லியே முன்னுக்கு வந்தவன் நான். பிஸ்கட் விக்கிறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

தினமும் பார்வை நேரத்தில் அவள் கேட்பது ஒன்றுதான். "மீன் எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்கு."

"சாப்பிடுதா?"

"வயிறு முட்ட."

அவ சிரிக்கிறா. சிரிச்சா மூச்சு வாங்குது. அப்ப அவ வாயத் திறக்கிறதும் அந்த மீன் மாதிரியே இருக்கு மச்சான். பாக்க முடியல. டாக்டரைப் பாத்துட்டு வரேன்னு வராண்டாவுல போய் நின்னுக்கிறேன்.

ஆகவே, வால் பக்கம் வெள்ளைத் திட்டு உள்ளதாக ஒரு தங்கமீனைத் தேடிப் பிடித்து டிரைவரிடம் கொடுத்தனுப்ப வேண்டுகிறேன். பச்சைத் தண்ணீரிலேயே அனுப்பவும். பையில் காற்று நிறைய இருக்கட்டும், வெயில் படாமல் வைக்கச் சொல்லவும். அவள் வீட்டுக்குள் கால் வைக்கும்போது அது தொட்டியில் நீந்திக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, என் அளவுக்குப் புத்திசாலி ஆகாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: வண்டி கிளம்பும் முன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொய் சொல்லி மாளவில்லை, உண்மையைக் கொட்டிவிட்டேன். அழுவாள் என்று பார்த்தால், "அது அண்ணன் முதல்ல குடுத்த மீனே இல்லீங்க. அந்த முதல் மீன் என் கையிலேயே செத்துப்போச்சு. அண்ணன்தான் சத்தமில்லாம வேற அனுப்புனாரு. உங்ககிட்டச் சொன்னா ஆயுசுக்கும் கேலி பண்ணுவீங்களே!" என்கிறாள். நல்ல அண்ணன், நல்ல தங்கை! சரி, இன்னொண்ணு வரவழைக்கிறேன் என்றேன். "வேணாம். அப்புறம் அத யாரு பாத்துக்குவா? அண்ணன மட்டும் வரச் சொல்லுங்க" என்றாள். மீன் தேட வேண்டாம் மச்சான். இதே வண்டியில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் வந்துவிடுங்கள்.