தோற்பதற்காகப் படித்தவன்

மூன்றாவது தடவையும் தோற்றே தீருவது என்று ஜேசுபாதம் உறுதி பூண்டான்.

1946-ஆம் வருஷம். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் அவன் குமாஸ்தா. பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் ஐந்து மைல் தள்ளிக் கடலில் நிற்கும். படகேறிப் போய்க் கேப்டன்களோடு பேசும் வேலைக்கு உயர வேண்டுமானால், துரைக்கு முன்னால் பத்து நிமிஷம் இங்கிலீஷ் பேசிக் காட்ட வேண்டும். ஜேசுபாதம் முத்து முத்தாக எழுதுவான். வாய்தான் திறக்காது.

நாசரேத்து மிஷன் பள்ளியில் படித்த மனைவி அற்புதமணி, பேசப் பழக்கிவிடுவதாகச் சொன்னாள். அம்மாவும் தங்கைகளும் நிறைந்த வீடு. புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசினால் தெருவே சிரிக்கும். பரீட்சைக்கு என்றதும் அம்மாவே ஸ்டூல் எடுத்துப் போட்டாள். சாயங்கால ஜெபம் முடிந்து அரை மணி நேரம்.

ஒரே மாதத்தில் வாய் திறந்துவிட்டது. தப்பாகச் சொன்னால் அவள் சிரிக்கவில்லை, "ம், பெறவு?" என்றாள். அந்தப் 'பெறவு'க்காகவே அவன் பேசினான். கப்பல் சரக்கில் தொடங்கி அவள் கழுத்து மச்சத்துக்கு வந்து சேர்ந்தான். மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா பூரித்துப்போனாள்.

"பய என்னமாப் படிக்கான்! ஏளா, என்ன சொல்லுதான்?"

"எத்தனை மூட்டை ஏறுச்சுன்னு சொல்லுதாங்க, அத்தே."

பாஸாகிவிட்டால் பாடம் நின்றுவிடும். அதனால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை, துரைக்கு முன்னால் ஊமையாக நின்றுவிட்டு வந்தான்.

மூன்றாவது தடவை துரை சரக்கைப் பற்றிக் கேட்கவில்லை. "உன் மனைவிதான் சொல்லித்தந்தாளாமே? அவளுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறதே" என்றார்.

அவ்வளவுதான். அவள் பொறுமை, அவள் குரல், ஒரே வீட்டில் இருந்துகொண்டு பகலெல்லாம் அவளுக்காக ஏங்குவது என்று இருபது நிமிஷம் இங்கிலீஷ் கொட்டியது. துரை கைகொடுத்தார். பாஸ்.

பாஸ் என்றதும் அம்மா ஸ்டூலை உள்ளே எடுத்து வைத்துவிட்டாள். அடுக்களை வாசலில் முகம் தொங்க நின்றான்.

"துரைக்கு நீதான் எழுதிப்போட்டியா?"

"ஆமா. இங்கன மழையாப் பேசுதீங்க, அங்கன மட்டும் வாய் கட்டிக்கிடுமா? 'என்னையக் குறை சொல்லிப் பாருங்க, பேசுவாங்க'ன்னு எழுதினேன்."

"இனிமே உன்கூட நான் எப்பப் பேச?"

அற்புதமணி ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"பரீட்சை நோட்டீசைக் கடைசி வரி வரைக்கும் படிச்சீங்களா? பாஸானவங்களுக்குக் கடற்கரையில தனி வீடு. ஒரு வருஷமா நாம ரெண்டு பேரும் அங்கன இருந்திருக்கலாம்."