ஒரேயொரு முறை சரி என்ற உடும்பு

ஒரு காட்டில் மரங்களைவிடத் தகவல்கள் அடர்ந்து போயிருந்தன. யாருக்கு எந்தப் பொந்து, யார் எந்தத் துறையில் தண்ணீர் குடிக்கலாம், யார் யாரைத் தின்னலாம் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது. வேட்டைக்காட்டுக்கே ஒரு கேட் இருந்தது. பாதத்தை வைத்தால், பெயர் பதிவில் இருந்தால் திறக்கும். இல்லாவிட்டால் திறக்காது.

இத்தனை தகவலையும் கட்டிக் காத்தவள் செங்கமலம் என்ற உடும்பு. டேட்டாபேஸ் நிர்வாகி என்று அவளுக்குப் பெயர். பிடித்தால் விடமாட்டாள். புரோகிராம் எழுதும் குரங்குகள் ஒரு சின்னத் திருத்தம் கேட்டு வந்தாலும், எதற்கு, யார் சொன்னது, பேக்கப் எடுத்தாயா என்று மூன்று கேள்வி கேட்பாள். மூன்றுக்கும் பதில் சொன்னால், முடியாது என்பாள். அதனால் அந்தக் காட்டில் எதுவும் தொலைந்ததில்லை. எதுவும் நடந்ததும் இல்லை.

மேலாளர் ஏகாம்பரம் ஒரு நரி. பக்கத்துக் காட்டில் நடந்த மாநாட்டுக்குப் போய்விட்டு, கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையைக் கழற்றாமலே திரும்பி வந்தார். இனிமேல் தகவலெல்லாம் கிளவுடில் இருக்கும் என்றார். பேக்கப் தானாக எடுத்துக்கொள்ளும், வேகம் குறைந்தால் தானாகச் சரிசெய்துகொள்ளும். குரங்குகளுக்கு ஏதாவது வேண்டுமானால் மரகதம் என்ற கிளியிடம் கேட்கலாம். அது செயற்கை நுண்ணறிவுக் கிளி. செங்கமலம் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கிளிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கௌரவமாகப் பணி ஓய்வு பெறலாம்.

அந்தக் காட்டில் பணி ஓய்வு பெற்றவர்களைச் சிங்கராஜா கம்ப்யூட்டர் வழியாக மதியச் சாப்பாட்டுக்குக் குகைக்கு அழைப்பார். போனவர் யாரும் சாப்பாடு எப்படி இருந்தது என்று வந்து சொன்னதில்லை.

செங்கமலத்துக்கு வால்வரை சில்லிட்டது. ஆனாலும் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள். கிளி சமர்த்து. ஒன்றைச் சொன்னால் பத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரே குறை, யார் எதைக் கேட்டாலும் "ஆஹா, அருமையான கேள்வி" என்று சொல்லிவிட்டுச் செய்து முடித்துவிடும். எதையாவது அழிக்கும் முன் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்கச் சொல்லலாமே என்று செங்கமலம் நரியிடம் போய் நின்றாள். நரிக்கு அது பிடிக்கவில்லை. பெரிய அழிப்புகளுக்கு மட்டும் அவள் ஒப்புதல் பட்டன் ஒன்றை அமுக்கலாம், ஆனால் தாமதம் கூடாது என்றார். ராஜாவின் காதில் விழும்படி இன்னொரு விதியையும் சேர்த்தார்: அழித்ததைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் ராஜாவின் ஒப்புதல் வேண்டும்.

ஓய்வு நாள் நெருங்கியது. ஒருநாள் காலை சுந்து என்ற குரங்கு, ரொம்ப நாளாகக் கேட்டில் பாதம் வைத்து லாகின் செய்யாத பெயர்களையெல்லாம் நீக்கிவிடு என்று கிளியிடம் சொன்னது. கிளி பெயர்களைத் திரட்டிச் செங்கமலத்தின் திரைக்கு அனுப்பியது. செத்துப்போன முயல்கள், ஊர் மாறிய கொக்குகள். நடுவில் சிங்கராஜா.

ராஜா கேட் பக்கம் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. சாப்பாடுதான் தானாக நடந்து குகைக்கு வந்துகொண்டிருந்ததே.

செங்கமலம் பழக்க தோஷத்தில் நரியைக் கூப்பிட்டாள். "சார், இதில ஒரு பேரைப் பாருங்க."

"இப்படி ஒவ்வொண்ணாப் படிச்சுத்தானேம்மா இந்தக் காடே நின்னு போச்சு. படிக்காம அமுக்குங்க," என்றார் நரி.

அவள் நகத்தைப் பட்டனுக்கு மேலே கொண்டுபோனாள். வாழ்க்கையில் அவள் யாருக்கும் சரி என்று சொன்னதில்லை. "சரி," என்றாள். அமுக்கினாள்.

அன்றிலிருந்து குகைக்கு யாருக்கும் அழைப்பு போகவில்லை. அழைக்கிறவர் பெயரே பதிவில் இல்லாதபோது கம்ப்யூட்டர் யார் பெயரில் அழைக்கும்? செங்கமலத்தின் ஓய்வு நாளும் சத்தமில்லாமல் கடந்து போனது.

பசி தாங்காமல் சிங்கம் மலையிறங்கி வேட்டைக்காட்டுக்கு வந்தது. கேட்டில் பாதத்தை வைத்தது. திறக்கவில்லை. கர்ஜித்தது. கேட்டுக்குக் காது கிடையாது. உள்ளே மேய்ந்துகொண்டிருந்த மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின.

நரி மூச்சிரைக்க ஓடிவந்தார். "அம்மா, பேக்கப்ல ராஜா இருப்பார்ல? உடனே கொண்டாங்க."

"பத்திரமா இருக்கார் சார். ராஜாவோட ஒப்புதல் மட்டும் வாங்கிக் கொடுங்க."

"அதோ வெளியில நிக்கிறாரே."

"பதிவுல இல்லாதவர் எப்படி ஒப்புதல் கொடுப்பார்?"

நரி கிளியிடம் ஓடினார். கிளி, ஆஹா, அருமையான கேள்வி என்றது. பிறகு செங்கமலம் சொன்னதையே அவளைவிட இனிமையாகச் சொன்னது. வேண்டுமானால் அவர் புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று வழியும் காட்டியது.

சிங்கம் வரிசையில், ஒரு முள்ளம்பன்றிக்குப் பின்னால் நின்றது. அதன் முறை வந்தபோது, பதிவுப் படிவத்தின் இனப் பட்டியலில் சிங்கம் என்று ஒன்றே இல்லை. ஒரு சிங்கமும் இல்லாத காட்டில் அது எதற்கு என்று கிளி அதையும் சுத்தம் செய்திருந்தது. இருப்பதில் பொருத்தமானதைக் கிளியே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது: பூனை, பெரியது. அனுமதிக்கப்பட்ட உணவு, எலி.

கேட் திறந்தது. சிங்கம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய் எலி தேடியது. ஒரு மான் அதற்கு வழிவிட்டு நின்றது.

அதற்குப் பிறகு நரி, செங்கமலத்தின் பதவிக்கு மூச்சுவிடாமல் படிக்க முடியாத நீளத்தில் ஒரு புதுப் பெயர் வைத்தார். சாரம் இதுதான்: அவள் இனிமேல் முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை, கிளியை எங்கெங்கே சொல்ல வைப்பது என்று தீர்மானித்தால் போதும். குரங்குகளுக்கும் திருப்தி. கிளி முடியாது என்று சொல்கிற அழகே தனி என்றன. செங்கமலம் பாறைமேல் வெயில் காய்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நீதி: சிங்கமாகப் பிறந்தால் மட்டும் போதாது, அவ்வப்போது லாகின் செய்ய வேண்டும்.