மல்லாந்த ஆடும் மாப்பிள்ளை வாக்கும்

அந்தத் தை மாசத்துக்குள் ஆடுகளை விற்றே தீருவது என்று முடிவு கட்டினேன். முடிவு என்னுடையது. ஆடுகள் என் மனைவியுடையவை. கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

என் பெயர் நாச்சிமுத்து. அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. ‘மாப்பிள்ளை’ என்றால் நாய்க்குக்கூடத் தெரியும். திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே, பெண்டாட்டியின் ஊரில், பெண்டாட்டியின் வீட்டில், பெண்டாட்டியின் கயிற்றுக் கட்டிலில் ஒன்பது வருஷமாகப் படுத்து எழுந்துகொண்டிருந்தேன். மாமனார் சாகும்போது காட்டையும் நாற்பது செம்மறிகளையும் மகள் தெய்வநாயகிக்கு விட்டுப் போனார். எனக்குத் தெய்வநாயகியை விட்டுப் போனார்.

மேட்டூரில் அணை கட்டி முடித்த மறு வருஷம் அது. என் சிநேகிதன் பச்சமுத்து சூரமங்கலம் ரயிலடியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு காப்பி கிளப்புக்கு இடம் பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினான். ஆட்டை விற்றுவிட்டு வந்தால் ஆளுக்குப் பாதி. எனக்கு அன்றைக்கே தலை சுற்றியது. வெள்ளைச் சட்டை. மர மேசை. வருகிறவன் போகிறவனெல்லாம் ‘முதலாளி’ என்பான். ஒருத்தனும் ‘மாப்பிள்ளை’ என்று சொல்ல மாட்டான்.

நல்ல முகமாகத்தான் ஆரம்பித்தேன்.

“அம்மிணி, ஆட்டையெல்லாம் வித்துப்புட்டு சேலத்துல காப்பி கிளப் வெச்சா என்ன?”

“உங்களுக்குக் காப்பி போடத் தெரியுங்களா?”

“அதுக்கு ஆளு வெச்சுக்கலாம்.”

“எலை எடுக்க?”

“அதுக்கும் ஆளுதான்.”

“பின்ன நீங்க என்னங்க பண்ணுவீங்க?”

“கல்லாவுல உக்காருவேன்.”

“இங்கயும் உக்காந்துக்கிட்டுத்தானுங்களே இருக்கறீங்க? அதுக்கு எதுக்குங்க சேலம் வரைக்கும் போவோணும்?”

அதோடு பேச்சு முடிந்தது. அவள் கூடையை எடுத்துக்கொண்டு ஆட்டுப் பட்டிக்குப் போய்விட்டாள். ஆட்டிடம் பத்து வார்த்தை பேசுவாள். என்னிடம் பேசுவது ஒன்றோ இரண்டோ. அதுவும் கேள்வியாகத்தான் இருக்கும்.

தை மாசம் எங்கள் பக்கம் ஆடுகள் குட்டி போடும் காலம். மாசம் முற்றிய சினையாட்டுக்கு வயிறு பானை மாதிரி இருக்கும். முதுகு அரிக்கிறதென்று உழவுச் சாலிலோ பள்ளத்திலோ புரளும். புரண்டது மல்லாந்துவிட்டால் போச்சு. நாலு காலையும் ஆகாயத்துக்கு நீட்டிக்கொண்டு உதைக்கும், எழ முடியாது. வயிறு உப்பி, மூச்சு முட்டி, ஒரு பொழுதுக்குள் செத்துப்போகும். அதனால் தெய்வநாயகி விடிந்ததும் காட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். மல்லாந்து கிடப்பதைப் பார்த்தால் பக்கவாட்டில் சாய்த்து, தூக்கி நிமிர்த்தி, கால் நிலைக்கும்வரை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அப்படி ஒன்றை அவள் நிமிர்த்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு யோசனை உதித்தது. வாரத்துக்கு ஒன்று மல்லாந்தால் நிமிர்த்துவாள். தினம் ஒன்று மல்லாந்தால்? மந்தைக்கு ஏதோ தோஷம் என்று பயப்பட மாட்டாளா? பயந்தால் விற்க மாட்டாளா?

மறுநாள் காலையில் அவள் தண்ணிக்குப் போனதும் நான் காட்டுக்குப் போனேன். கருங்காதி என்று ஒரு ஆடு. சாது. கூப்பிட்டால் வரும். வந்தது. காலைக் கயிற்றால் கட்டிப் பள்ளத்தில் புரட்டிப் போட்டுவிட்டு, கயிற்றை அவிழ்த்துக்கொண்டேன். புரட்டு என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. நான் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தேன்.

வீட்டுக்கு ஓடி வந்தேன். அவள் இன்னும் வரவில்லை. கூப்பிடப் போயிருக்கலாம். போகவில்லை. கொஞ்சம் நேரமானால் ஆடு இன்னும் மோசமாகத் தெரியும், பயம் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்தேன். கூழைக் குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன். காப்பி கிளப்புக்கு என்ன போர்டு எழுதலாம் என்று யோசித்தேன். ‘ஸ்ரீ நாச்சிமுத்து காப்பி கிளப்’. ஸ்ரீயைச் சிவப்பில் எழுதுவதா பச்சையில் எழுதுவதா என்று முடிவாகவில்லை. கண் அசந்துவிட்டது.

விழித்தபோது வெயில் முற்றத்துக்கு வந்திருந்தது. தெய்வநாயகி தண்ணிக் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மிணி! கருங்காதி மல்லாந்து கெடக்குது!”

குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். நானும் ஓடினேன். ஆடு உதைப்பதை நிறுத்தியிருந்தது. வயிறு தோல் மத்தளம் மாதிரி விறைத்திருந்தது. அவள் அதை நிமிர்த்தி, இடுக்கிப் பிடித்து, வயிற்றைத் தேய்த்துக்கொண்டு, நிழல் காலடிக்கு வரும்வரை நின்றாள். ஆடு பிழைத்துக்கொண்டது. சாயங்காலம் குட்டி போட்டது. குட்டி செத்துப் பிறந்தது.

கருங்காதி அதை நக்கிக்கொண்டே இருந்தது. எழுந்திருக்கும் என்று நினைத்ததோ என்னவோ. தெய்வநாயகி குட்டியை வாங்கிக்கொண்டு போய் வேலியோரம் குழி தோண்டிப் புதைத்தாள். என்னைத் தோண்டச் சொல்லவில்லை. திரும்பி வந்து ஆட்டின் காலைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்க, எப்படிங்க கண்டீங்க?”

இங்கேதான் நான் கொஞ்சம் அதிகமாகப் போனேன். பயத்தில் நாக்கு நீளும்.

“மனசுல பட்டுச்சு, அம்மிணி. காத்தால இருந்தே ஒரு படபடப்பு. இந்த மந்தைக்கு ஏதோ தோஷம். நாளைக்கும் ஒண்ணு உளும்னு தோணுது.”

“எதுங்க?”

“வெள்ளச்சி.”

“எங்கீங்க உளும்?”

“வடக்கால காட்டுல. பனமரத்துக்கிட்ட.”

“செரிங்க” என்றாள். “அப்படி உளுந்துச்சுன்னா யோசிப்பமுங்க.”

யோசிப்போம் என்றால் விற்போம் என்றுதானே அர்த்தம்! செத்த குட்டி ஒரு பக்கம் நெஞ்சில் உறுத்தியது. மறுபக்கம் போர்டு தொங்கியது. போர்டுதான் பெரிதாக இருந்தது.

மறுநாள் வெள்ளச்சியை வடக்குக் காட்டில் பனமரத்துக்குப் பக்கத்தில் புரட்டினேன். இந்தத் தடவை தாமதிக்கவில்லை. ஓடினேன். தெய்வநாயகி வாசலில் தயாராக நின்றாள். அவளோடு பக்கத்து வீட்டுக் கண்ணாத்தா. கண்ணாத்தாவுக்குப் பின்னால் பாதி ஊர்.

“உளுந்துருச்சுங்களா?” என்றாள்.

“உளுந்துருச்சு!”

“பனமரத்துக்கிட்டீங்களா?”

“ஆமா!”

ஊரே வந்து பார்த்தது. நானே குனிந்து நிமிர்த்தினேன். தெய்வநாயகி கூட்டத்தின் பக்கம் திரும்பி, கையைக் கூப்பினாள்.

“பாத்துக்குங்க! நேத்தே சொன்னாருங்க. எந்த ஆடு, எந்த எடம், அத்தனையும் சொன்னாருங்க. எங்க ஊட்டுக்காரருக்கு முன்னாடியே தெரியுதுங்க!”

கண்ணாத்தா என் காலைத் தொட்டாள். ஒன்பது வருஷமாக என்னை ‘மாப்பிள்ளை’ என்றவள், “சாமி” என்றாள். “சாமி, எங்க சினையாடு பன்னெண்டு இருக்குதுங்க. இன்னைக்கு எது உளுமுங்க?”

எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை எப்படிச் சொல்வேன்? தெரியாது என்று சொன்னால், வெள்ளச்சி விழுவது மட்டும் எப்படித் தெரிந்தது என்பார்கள். “ஒண்ணும் உளுவாது” என்றேன். மத்தியானம் ஒன்று விழுந்தது. ஊரே வந்து என் வாக்கு ஏன் பொய்த்தது என்று கேட்டது. அதற்கும் தெய்வநாயகிதான் பதில் சொன்னாள்.

“ஊட்டுல உக்காந்து சொன்னா பலிக்காதுங்க. காட்டுல கால் படோணும். நாளையிலிருந்து விடியங்காட்டி வந்துருவாருங்க. ஆனா ஒண்ணுங்க, கூலி குடுத்தறாதீங்க. கூலி வாங்குனா வாக்குப் போயிருமுங்க.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து விடிவதற்கு முன்னே என்னை எழுப்பிவிடுவாள். கையில் கூழ்ப் போசி. இன்றைக்குக் கிழக்குக் காடு, நாளைக்குக் கரட்டடி, மறுநாள் ஏரி மேடு. மூன்று ஊர்ச் சினையாடுகளும் என் தலையில். விழுவதற்கு முன்னால் சொல்ல முடியாததால் விழுந்ததும் ஓடி நிமிர்த்தினேன். ஆட்டை இடுக்கி இடுக்கி என் முழங்கால் இரண்டும் வீங்கிப்போயின. குடும்பத்தை நிமிர்த்துவேன் என்று கிளம்பியவன் ஊரான் ஆட்டை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். மாசிக் கடைசியில் பச்சமுத்து வேறொருவனைக் கூட்டுச் சேர்த்துக் காப்பி கிளப்பைத் திறந்துவிட்டான் என்று சேதி வந்தது. நான் அப்போது ஒரு பள்ளத்தில், ஒரு ஆட்டின் மேல் கிடந்தேன்.

பங்குனியில் ஒரு நாள் விடியற்காலை, கண்ணாத்தாவின் கிழட்டு ஆடு ஒன்று சாலில் மல்லாந்து கிடந்தது. நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் இருதயம் என் தொடையில் படபடவென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் கால் நிலைத்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலியோரம் போய்ப் படுத்துக் குட்டி போட்டது. குட்டி எழுந்தது, விழுந்தது, மறுபடியும் எழுந்து மடியைத் தேடியது. தாய் நக்கியது. எனக்குக் கருங்காதி நக்கியது ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

நேராக வீட்டுக்குப் போனேன். தெய்வநாயகி களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மிணி, கருங்காதி தானா உளுவல. நான்தான் பொரட்டிப் போட்டேன். வெள்ளச்சியையும் நான்தான். எனக்கு வாக்குமில்ல, ஒண்ணுமில்ல.”

அவள் துடுப்பை நிறுத்தவில்லை. “தெரியுமுங்க.”

“தெரியுமா? எப்ப?”

“அன்னைக்கேதானுங்க. தானா பொரண்ட ஆட்டுக்குக் கால்ல தடம் வருமுங்களா? கருங்காதிக்குக் கவுத்துத் தடம் இருந்துச்சுங்க.”

“தெரிஞ்சுக்கிட்டேதான் ரெண்டு மாசமா என்னை ஓட உட்டியா?”

அவள் களியைக் கிண்டினாள். சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. புகையாகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கில்லை. ஆனால் கோபம் மட்டும் இருந்தது.

“இப்பவே போறேன். ஊரைக் கூட்டி உள்ளதைச் சொல்லிப்புடறேன். அப்பறம் எவன் என்னைக் கூப்புடுவான்னு பாக்கறேன்!”

“சிரமப்படாதீங்க. மாசியிலேயே கண்ணாத்தாக்காகிட்டச் சொல்லிப்புட்டனுங்க. ஊரு பூராத் தெரியும்.”

“தெரிஞ்சுமா ‘சாமி, சாமி’ன்னு வாசல்ல வந்து நிக்கறாங்க?”

தெய்வநாயகி களியை உருட்டி என் வட்டிலில் வைத்தாள்.

“பின்ன என்னங்க? கூலி கேக்காத ஆளுக்கு வேற என்னன்னு பேரு வெப்பாங்க?”